நீர்மூழ்கி வேட்டைக்கு 16 சின்னக் கப்பல்கள்: நமக்கு வேண்டியது இதுதானா?

நெய்தல்வாசி

ஐஎன்எஸ் அர்னாலா 2025 ஜூன் 18 அன்று விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்ததிலிருந்து எங்கு பார்த்தாலும் பாராட்டு. காட்டுப்பள்ளியில் கட்டிய கப்பல் என்பதால் நம்மவர்களுக்குக் கூடுதல் சந்தோஷம், எனக்கும்தான். ஆனாலும் மனதில் உறுத்துவதைக் கேட்டுவிடுகிறேன். ஆழமற்ற கடலுக்கான நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல்கள் என்று மொத்தம் 16. எட்டு கொல்கத்தாவின் ஜிஆர்எஸ்இ கப்பல் கட்டும் நிறுவனத்தின் பொறுப்பில் (அர்னாலா அதில் ஒன்று), எட்டு கொச்சி கப்பல் கட்டும் தளத்தில். ஒவ்வொன்றும் 78 மீட்டர் அளவில், 1,500 டன்னைத் தாண்டாதவை. ஒன்றில்கூட ஹெலிகாப்டர் தளம் கிடையாது.

நீர்மூழ்கி வேட்டைக்கென்றே வடிவமைத்த கமோர்ட்டா வகை, 109 மீட்டர் நீளம், 3,000 டன்னுக்கு மேல், நாலே நாலுதான் கட்டினோம். முதல் கப்பல் 2014-ல் வந்தது, நான்காவதான கவரத்தி 2020-ல். அத்தோடு நின்றுவிட்டது. அந்தக் கமோர்ட்டாவும் சேவைக்கு வந்தபோது, பின்னால் இழுத்துச் செல்லும் சோனார், அதாவது ஒலியை வைத்து நீர்மூழ்கியைத் தேடும் கருவி, இல்லாமல்தான் வந்தது. வேட்டைக்காரனை ஒரு காதை மூடிக்கொண்டு காட்டுக்கு அனுப்பிய மாதிரி. அந்தக் குறையைச் சரிசெய்து அதே வகையில் இன்னும் எட்டுக் கட்டியிருக்கலாம் என்பது என் கருத்து.

கரைக்காவல்

ஒத்துக்கொள்ள முடியாது நண்பரே. எதிரி நீர்மூழ்கி எங்கே வந்து காத்திருக்கும் என்பதை முதலில் யோசியுங்கள். துறைமுக வாசலில்தான். 1971 போரில் பாகிஸ்தான் நீர்மூழ்கி பிஎன்எஸ் காஜி மூழ்கியது விசாகப்பட்டினத்துக்கு வெளியே. அதே ஆண்டு டிசம்பர் 9-ம் தேதி நம் ஐஎன்எஸ் குக்ரி, நீருக்கடியில் பாய்ந்து வரும் குண்டான டார்பிடோ பட்டு மூழ்கியது டையூ கடலில்; கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்தார்கள். 2010 மார்ச் 26 அன்று தென்கொரியாவின் போர்க்கப்பல் சியோனான் இரண்டாகப் பிளந்ததும் கரையோரத்து ஆழமற்ற கடலில்தான், 46 பேர் இறந்தார்கள். வடகொரிய டார்பிடோ என்று பன்னாட்டு விசாரணைக் குழு சொன்னது, வடகொரியா மறுத்தது.

இந்த மாதிரிக் கடலில் சோனார் அதிக தூரம் கேட்காது. அடித்தரையில் பட்டு, மேற்பரப்பில் பட்டு, ஒலி கலங்கிவிடும். ஒரு கப்பல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது கேட்பது தன்னைச் சுற்றியுள்ள சின்ன வட்டத்தைத்தான். அப்படியென்றால் வட்டங்களின் எண்ணிக்கைதானே முக்கியம்? மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம், காரவார் என்று எத்தனை வாசல்களைக் காக்க வேண்டும். நாலு பெரிய கப்பல் இருந்தால் ஒன்று பழுதுபார்ப்பில் நிற்கும், ஒன்று பயிற்சியில் இருக்கும். மிச்சம் இரண்டை வைத்து என்ன செய்வீர்கள்?

நெய்தல்வாசி

குக்ரியை நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள், அதனால் கேட்கிறேன். குக்ரி என்ன கப்பல்? நீர்மூழ்கியை வேட்டையாடவே பிரிட்டனில் கட்டிய ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல். வேட்டைக்குப் போனதும் குக்ரியும் கிர்பானும்தான். ஆனால் முதலில் கேட்டது பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹங்கோர். கிர்பான் மீது விட்ட முதல் டார்பிடோ வெடிக்கவில்லை, அடுத்தது குக்ரியை முடித்துவிட்டது. அங்கே இரண்டு கப்பல் இருந்தன, எண்ணிக்கை காப்பாற்றவில்லை. யார் முதலில் கேட்கிறார்களோ அவர்கள் பிழைக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டுமானால் உன் சத்தம் அடங்கியிருக்க வேண்டும், காது நீண்டதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடமும் எடையும் வேண்டும். 1,500 டன்னில் அதை எங்கே வைப்பீர்கள்?

தளத்துக்காரன்

கப்பல் கட்டும் தளத்தில் பல வருடம் வேலை பார்த்தவன், எந்தத் தளம் என்பது இங்கே தேவையில்லை. இரண்டு பேரும் கப்பலின் அளவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கையால் தொட்ட விஷயத்தைச் சொல்கிறேன்.

கப்பல் சத்தமில்லாமல் ஓடுவது வரைபடத்தில் பாதிதான் தீர்மானமாகிறது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகக் கப்பலின் அடித்தளத்தில் போல்ட் போட்டு இறுக்க மாட்டார்கள். ஒரு பெரிய எஃகு மேடை, அதை ராஃப்ட் என்போம், அதன்மேல் இன்ஜின். இன்ஜினுக்கும் ராஃப்டுக்கும் நடுவே ரப்பர் மவுண்ட், ராஃப்டுக்கும் கப்பல் உடம்புக்கும் நடுவே இன்னொரு அடுக்கு மவுண்ட். இன்ஜின் அதிர்ந்தாலும் அந்த அதிர்வு தண்ணீருக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே செத்துப்போக வேண்டும். குழாய், கேபிள், புகைபோக்கி என்று ராஃப்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொன்றும் வளைந்துகொடுக்க வேண்டும்.

இப்போது பாருங்கள். ஒரு கப்பலில் எல்லாம் முடிந்து துறைமுக சோதனையில் ஒரே ஒரு அலைவரிசையில் மட்டும் சத்தம் குறையவே இல்லை. மவுண்டை மாற்றினோம், பம்பைக் கழற்றி மாட்டினோம், பதினைந்து நாள் போனது. கடைசியில் கிடைத்தது என்ன தெரியுமா? கேபிள் தாங்குகிற ஒரு சின்னத் தகடு. ஒரு முனை ராஃப்டில், இன்னொரு முனை கப்பல் சட்டத்தில் வெல்டிங். கேபிள் தொங்குகிறதே என்று யாரோ நல்ல எண்ணத்தில் வைத்தது. விரலளவு இரும்பு, இரண்டு அடுக்கு மவுண்டையும் தாண்டி அதிர்வுக்குப் பாலம் போட்டுவிட்டது. வெட்டி எடுத்த அன்றைக்கே சத்தம் இறங்கியது.

அதனால் சொல்கிறேன், பெரிய கப்பல் என்றாலே சத்தமில்லாத கப்பல் என்று ஆகிவிடாது. வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் மூவருக்கும் ஏன் என்று புரிந்திருக்க வேண்டும். புரொப்பல்லர் இறக்கையின் விளிம்பில் ஒரு சின்னப் பல் விழுந்தால் போதும், அங்கே சீக்கிரமே குமிழி கட்டிப் பொரிய ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் வெகுதூரம் போகும்.

ஆனால் நெய்தல்வாசி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு அடுக்கு மவுண்டும் ராஃப்டும் உயரத்தையும் எடையையும் தின்னும். சின்னக் கப்பலின் இன்ஜின் அறையில் அதற்கு இடம் பிடிப்பது பெரிய பாடு.

கரைக்காவல்

அருமையான பதிவு அண்ணே, நன்றி. ஆனால் அர்னாலாவில் புரொப்பல்லரே வெளியே தொங்கவில்லை. டீசல் இன்ஜின், வாட்டர்ஜெட். தண்ணீரை உள்ளே இழுத்துக் குழாய்க்குள் சுழலும் இறக்கையால் பின்னால் பீய்ச்சுகிறது. அடியில் நீட்டிக்கொண்டிருக்க ஷாஃப்டும் இல்லை, சுக்கானும் இல்லை. அதனால்தான் பெரிய கப்பல் தயங்குகிற ஆழத்திலும் இதனால் நிம்மதியாகத் தேட முடிகிறது.

அப்புறம், காது விஷயம். கமோர்ட்டா வந்தபோது அதற்கு இருந்தது மூக்குக்கடியில் உள்ள சோனார். அர்னாலாவில் அடிப்பகுதி சோனாரோடு, கேபிளில் கட்டி வேண்டிய ஆழத்துக்கு இறக்குகிற சோனாரும் வடிவமைப்பிலேயே உண்டு. நம் கடல் எப்படிப்பட்டது? மேலே வெதுவெதுப்பான தண்ணீர், கீழே போகப்போகச் சட்டென்று குளிர்ச்சி. அந்த இடத்தில் ஒலி வளைந்து கீழே போய்விடும். நீர்மூழ்கி அந்த அடுக்குக்குக் கீழே ஒளிந்துகொண்டால் மேலே இருக்கும் 3,000 டன் கப்பலுக்கும் தெரியாது, 10,000 டன் கப்பலுக்கும் தெரியாது. அடுக்குக்குக் கீழே காதை இறக்கத் தெரிந்த சின்னக் கப்பல் அங்கே ஜெயிக்கும்.

உப்புக்காற்று

கடல் ஒலியியல் படிக்கிறேன், ரொம்ப நேரமாகப் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். கரைக்காவல் சொன்ன அடுக்கு உண்மை. வங்காள விரிகுடாவில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி எல்லாம் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் மேலே மிதக்கிறது. வெப்பத்தோடு உப்பின் அளவும் மாறுவதால் வடக்கு விரிகுடாவும் சென்னைக்கு வெளியே உள்ள கடலும் ஒரே மாதிரி கேட்காது. வெயில் ஏறினால் காலையில் கேட்டது மதியம் கேட்காது.

ஆனால் ஒன்று: 40 மீட்டர் ஆழமே உள்ள இடத்தில் சோனாரை எங்கே இறக்குவீர்கள்? அங்கே தரையிலிருந்து வரும் எதிரொலிதான் எதிரி, அடுக்கு அல்ல. இறக்கும் சோனாரின் முழுப்பலன் கரையைவிட்டு விலகி, கடல் ஆழமாகும் இடத்தில்தான்.

இன்னொன்று, ஒலி கடலில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 10 கிலோமீட்டரில் உள்ள நீர்மூழ்கியின் மீது ஒலி அனுப்பினால் எதிரொலி திரும்பி வர 13 நொடிக்கு மேல். அனுப்பிய கணமே நீ இருக்கும் இடம் அதற்குத் தெரிந்துவிட்டது. நீர்மூழ்கி உன் ஒலியை ஒருவழித் தூரத்தில் கேட்கிறது, உனக்கோ அது போய்த் திரும்ப வேண்டும், வழியில் தேய்ந்துபோகிறது. அதனால் நீ கண்டுபிடிக்கும் தூரத்தைவிட அது உன்னைக் கேட்கும் தூரம் எப்போதும் அதிகம். இதை உடைக்க நல்ல வழி, ஒலி அனுப்புகிற கருவியைக் கப்பலிலிருந்து பிரித்துவிடுவது. அதாவது ஹெலிகாப்டர்.

நெய்தல்வாசி

நன்றி உப்புக்காற்று, நான் சொல்ல வந்ததை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். ஹெலிகாப்டர் சோனாரைத் தண்ணீரில் முக்கிக் கேட்டுவிட்டு, தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். நீர்மூழ்கியின் டார்பிடோ அதை ஒன்றும் செய்ய முடியாது. நீர்மூழ்கி வேட்டைக்கான 24 எம்எச்-60ஆர் ஹெலிகாப்டர்களுக்கு 2020-ல் ஒப்பந்தம் போட்டோம், 2024 மார்ச் 6 அன்று கொச்சியில் அவற்றின் முதல் அணி தொடங்கியது. அவை இறங்கத் தளம் வேண்டும், ஹேங்கர் வேண்டும், எரிபொருளும் டார்பிடோ வைக்கும் அறையும் வேண்டும். கிட்டத்தட்ட 10 டன் ஹெலிகாப்டர், ஆடும் கடலில் பின்தளத்தில் இறங்க வேண்டுமானால் கப்பல் அதிகம் உருளக் கூடாது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 3,000 டன் தானாகவே வந்துவிடுகிறது.

பிரிட்டனின் டைப் 26 ஃபிரிகேட் ஏன் 6,900 டன்? கிட்டத்தட்ட 150 மீட்டர் நீளம், நீளமான இழுவை சோனார், அமைதியாக ஓட இரண்டு மின்மோட்டார், வேகத்துக்கு மட்டும் ஒரு கேஸ் டர்பைன். வேட்டை வேகத்தில் கியர் சத்தமே இல்லை. நம் கமோர்ட்டாவில் நாலு டீசலும் கியர்பாக்ஸ் வழியாகத்தான் ஷாஃப்டைச் சுற்றுகின்றன, அதனால்தான் ராஃப்ட் மேல் அவ்வளவு பாரம் விழுகிறது.

துறைமுக வாசலுக்குச் சின்னக் கப்பல் வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு வெளியே யார் போவது?

கரைக்காவல்

அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் அதே டைப் 26-ன் காலத்தையும் சொல்லுங்கள். முதல் கப்பல் கிளாஸ்கோவுக்கு 2017 ஜூலையில் தகடு வெட்டினார்கள், 2025 முடியும்போதும் அது கடற்படையில் சேரவில்லை. அர்னாலா வகைக்கு 2019 ஏப்ரலில் ஒப்பந்தம், 2025-லேயே அர்னாலா, அக்டோபரில் ஆந்த்ரோத், நவம்பரில் கொச்சியின் மாஹே என்று வரிசையாக வருகின்றன. பாகிஸ்தான் சீனாவிடம் எட்டு நீர்மூழ்கி வாங்குகிறது, அதற்குப் பெயரே ஹங்கோர் வகை. மேலே வந்து காற்று வாங்காமல் நாள்கணக்கில் கீழேயே கிடக்கக்கூடியவை. அவை வந்த பிறகு நம் பெரிய கப்பலுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தால் துறைமுகத்தை யார் பார்ப்பது?

தளத்துக்காரன்

காலம் ஏன் இழுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஃகு வேலையில் அவ்வளவு தாமதம் ஆவதில்லை. பிளாக் பிளாக்காகக் கட்டி, உள்ளே குழாய், கேபிள் எல்லாம் போட்ட பிறகு ஒட்டுகிறோம், அது ஓடிவிடும். கருவி முடிவாகாததுதான் கொல்லும். கமோர்ட்டாவின் கீல், அதாவது அடிச்சட்டம், 2006-ல் போட்டது, சேவைக்கு வந்தது 2014. நடுவில் ஒவ்வொரு கருவி மாறும்போதும் ஒட்டி முடித்த பிளாக்கைத் திரும்ப வெட்டினால் எப்படியிருக்கும் என்று யோசியுங்கள். அதே வகையின் கில்தானிலும் கவரத்தியிலும் மேற்கட்டுமானத்தைக் கார்பன் இழைக் கலவையில் செய்தார்கள், மேல் எடை குறைந்தது. அப்படிக் குறைந்த எடையைப் பின்னால் வரப்போகும் கருவிக்கு மிச்சம் பிடித்து வைப்பதுதான் நல்ல வடிவமைப்பு.

அடுத்து பெரிதாக ஒன்று கட்டினால் நான் கேட்பது இதைத்தான்: இழுவை சோனார் எந்த நிறுவனத்தினுடையது என்று முடிவாகாவிட்டாலும் பரவாயில்லை, பின்பகுதியில் கேபிளைச் சுற்றி இழுக்கும் வின்ச்சுக்கு அறை, தரைக்குக் கீழே அதைத் தாங்கும் சட்டம், பின்தகட்டில் கேபிள் இறங்கும் வாசல், மின்சாரத்துக்கும் குளிர்நீருக்கும் வழி, இவ்வளவையும் முதல் நாளே விட்டுவிடுங்கள். சேவையில் இருக்கும் கப்பலின் பின்தகட்டை வெட்டி இதையெல்லாம் நுழைப்பதற்கு நான் வேலை செய்திருக்கிறேன். மாதக்கணக்கில் அந்தக் கப்பல் உலர்துறையில் நின்றது.

நெய்தல்வாசி

அண்ணே, எட்டு என்று நான் சொன்னதை ஐந்தாகக் குறைத்துக்கொள்கிறேன், பின்பகுதி மட்டும் நீங்கள் சொன்னபடியே இருக்கட்டும். கரைக்காவல், உங்கள் 16-ல் நான் இனிமேல் கை வைக்கவில்லை. ஆனால் ஆழ்கடல் கப்பலுக்கு மின்மோட்டாரா, ராஃப்ட் மேல் டீசலா என்பதில் தளத்துக்காரன் அண்ணன் பக்கத்தைக் கேட்க வேண்டும்.

தளத்துக்காரன்

மின்மோட்டார். விலை அதிகம், இடமும் அதிகம், ஆனால் வேட்டை வேகத்தில் கியரே சுற்றாது.

கரைக்காவல்

அந்த ஐந்துக்கும் அதுதான் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.