சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் (செட்டியார் வட்டிக்கடைகள் சேர்ந்திருந்த கட்டடத்தில்) இருந்த முன்னோரைப் பழைய செய்தித்தாளில் தேடுவது எப்படி?

கானாடுகாத்தான் லெ:
எங்கள் ஐயாவின் அப்பச்சி (தாத்தாவின் அப்பா) 1920-களில் சிங்கப்பூருக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போனவர். வீட்டில் மிஞ்சியிருப்பது ரா.ம.லெ. என்ற விலாசமும் (கடைப்பெயராக வழங்கிய குடும்ப முதலெழுத்துகள்) மார்க்கெட் ஸ்ட்ரீட் முகவரியும்தான். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளமான நியூஸ்பேப்பர் எஸ்ஜியில் பெயரைப் போட்டால் எண்ணற்ற லெட்சுமணன் செட்டியார்கள். கதவெண்ணைப் போட்டாலோ யார் யாரோ வருகிறார்கள். எந்த முனையைப் பிடிப்பது?

பழைய ஏடு:
பெயரை விடுங்கள், விலாசத்தைப் பிடியுங்கள். ஆங்கில இதழ்களில் அது இரண்டு விதமாக வரும். ஒன்று ஆர்.எம்.எல். என்ற முதலெழுத்துகள். மற்றது, நம்மவர்கள் வாயால் சொன்னதை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதியது: ராவன்னா மானா லேனா. பழைய வழக்குச் செய்திகளில் இந்த இரண்டாவது வடிவம்தான் கை கொடுக்கும். ராவன்னாவுக்கு ஒரு 'என்' போட்டும் இரண்டு போட்டும், நடுவில் 'வி', 'டபிள்யூ' இரண்டையும் மாற்றியும் தேடுங்கள். 'செட்டி' என்பதும் ஒய், ஐ என எதிலும் முடியலாம்.

முதலெழுத்துத் தேடல் ஏமாற்றுவதற்குக் காரணம், பக்கத்தைப் படித்த கணினி புள்ளியையும் இடைவெளியையும் கண்டபடி எடுத்துக்கொள்வது. எம் என்பது என் ஆகிவிடும். வரி முடிவில் உடைந்த 'செட்-டியார்' சிக்காமலே போகலாம். அதனால் விலாசத்தில் கிடைக்காவிட்டால், கதவெண்ணையும் தெருப்பெயரையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, ஐந்தைந்து ஆண்டாகக் காலத்தை வெட்டித் தேடுங்கள். 'ஸ்ட்ரீட்' என்பதை முழுதாக ஒரு முறை, சுருக்கி ஒரு முறை.

செய்தியோடு நிறுத்தாமல் விளம்பரப் பிரிவையும் கட்டாயம் பாருங்கள். முதலாளிக்காகக் கடையை நடத்திய ஏஜண்டு மாறும்போது பழையவரின் பவர் (அதிகாரப் பத்திரம்) ரத்தானதையும் புதியவர் பொறுப்பேற்றதையும் அங்கேதான் அறிவிப்பாகப் போட்டார்கள். ஒரே அறிவிப்பில் விலாசம், முழுப்பெயர், முகவரி, தேதி நான்கும் அகப்படும்.

சிங்கைத் தெரு:
யார் யாரோ வருவதில் தப்பில்லை. ஒரு கிட்டங்கிக்குள் பல விலாசக்காரர்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு பெட்டகம், சாய்வுமேசை, உட்கார ஒரு பாய், அவ்வளவுதான் கடை. கதவெண் ஒத்துப்போனாலே உறவு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பினாங்கிலும் ஒரு மார்க்கெட் ஸ்ட்ரீட் உண்டு, சூலியா ஸ்ட்ரீட்டும் உண்டு. சிங்கப்பூர் இதழ்கள் பினாங்கு வழக்குகளையும் வெளியிட்டன, ஆகவே செய்தியின் தலைப்பில் ஊர்ப்பெயர் என்ன என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். சிங்கப்பூர் சூலியா ஸ்ட்ரீட்டுக்கு 1920-களின் தொடக்கம் வரை கிளிங் ஸ்ட்ரீட் என்று பெயர். அதற்கு முந்திய ஆண்டுகளைப் பழைய பெயரில்தான் தேட வேண்டும்.

ஒரே விலாசம் திடீரென வேறு எண்ணில் தெரிந்தால், இடம் மாறினார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அதே ஆண்டுகளில் பக்கத்துக் கடைகளின் விளம்பரங்களில் எண் என்ன ஆனது என்று பாருங்கள். அவையும் மாறியிருந்தால், மாறியது எண்தான்.

கானாடுகாத்தான் லெ:
மிக்க நன்றி. 1927-இல் ஒரு கடன் வழக்கு சிக்கியிருக்கிறது. விலாசம் எங்களுடையதேதான், ஆனால் பக்கத்தில் 'அட்டர்னி' என்று வேறொரு பெயர் இருக்கிறதே?

மாத்தூர் புள்ளி:
அந்த அட்டர்னி ஏஜண்டு. முதலாளி ஊரிலேயே இருந்திருப்பார், சிங்கப்பூர் மண்ணை மிதிக்காமலேகூட இருந்திருக்கலாம். மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஏஜண்டு ஊர் திரும்புவது வழக்கம். உங்கள் முன்னோர் முதலாளியா, ஏஜண்டா என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஏஜண்டு என்றால், இந்த விலாசம் அவருடையதாக இல்லாமல் முதலாளியுடையதாக இருக்கலாம். இங்கேதான் பல வம்சாவளிகள் தடம் மாறிப்போகின்றன.

ஒரே எழுத்துகள் வேறு குடும்பங்களுக்கும் அமையும், பாகப்பிரிவினைக்குப் பின் எழுத்து கூடவும் செய்யும். உறுதிப்படுத்தச் செய்தித்தாள் போதாது. வீட்டில் இசைகுடிமானம் (செட்டியார் திருமணப் பதிவு ஏடு) இருந்தால் எடுங்கள். அதில் ஊர், கோயில், விலாசம், மணமக்கள் தரப்பின் பெயர்கள் இருக்கும். அதை உங்கள் கோயிலின் புள்ளிக் கணக்கோடு (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் பதிவோடு) ஒப்பிட்டால் ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துவிடலாம்.

பழைய ஏடு:
ஒன்று விட்டுப்போயிற்று. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் பழைய இதழ்கள் நின்றுபோயின. தேடலை அதோடு முடித்துவிடாதீர்கள், 1945 செப்டம்பரிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஜப்பானியர் காலத்து நோட்டில் அடைத்த கடன் செல்லுமா என்ற வழக்குகள் போருக்குப் பின் வந்தன. அவற்றில் விலாசமும் ஏஜண்டு பெயரும் போருக்கு முந்திய கடன் தேதியும் சேர்ந்தே கிடைக்க வாய்ப்புண்டு.