பொருள்: ‘ரிபேட்ரியேஷன்’ – தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,
அருங்காட்சியகவியல் பாடநூலில் ஓர் இயலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நியூசிலாந்தின் தே பாப்பா அருங்காட்சியகம் 2003 முதல், வெளிநாடுகளில் கிடக்கும் மாவோரி மூதாதையரின் எலும்புகளையும் ‘தோய் மோகோ’ என்னும் பச்சை குத்திய தலைகளையும் ஊருக்குக் கொண்டுவருகிறது. இதைக் குறிக்கும் ‘ரிபேட்ரியேஷன்’ என்ற சொல்லுக்கு வரைவில் ‘திருப்பி அனுப்புதல்’ என்றிருக்கிறது. விற்காத சரக்குக்குச் சொல்வதுபோல் ஒலிக்கிறது; மனம் ஒப்பவில்லை.

*

‘மீட்பு’ போதாதா? ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசர் சிலை 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதைச் சிலை மீட்பு என்றுதானே எழுதுகிறோம்?

*

ஐயா, அது களவு வழக்கு. பிரான்சின் ரூவான் நகரம் 2007இல் தானே முன்வந்து, தன் அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு மாவோரித் தலையைத் தர முடிவெடுத்தது. அரசுச் சேகரிப்பில் உள்ளதைக் கைமாற்றக் கூடாதென்று பண்பாட்டு அமைச்சகம் தடுத்தது. 2010இல் தனிச் சட்டம் இயற்றி, 2011இல்தான் கொடுத்தார்கள். இங்கே பொருந்துவது ‘மீளளிப்பு’.

*

‘மீளளிப்பு’ கொடுத்தவரை வள்ளலாக்குகிறது! அத்தலைகள் வெளியே போனது, துப்பாக்கிக்குத் தலை என்று பண்டமாற்று நடந்த காலத்தில். 1831இல் சிட்னியிலிருந்த நியூ சவுத் வேல்ஸ் ஆளுநரே அவ்வணிகத்தைத் தடைசெய்ய நேர்ந்தது. தொல்காப்பியர், ஆநிரை கவர்தலைப் பாடும் வெட்சித் திணையில், கவரப்பட்ட ஆநிரையை மீட்டுவருவதை ‘ஆபெயர்த்துத் தருதல்’ என்கிறார். பிற்கால இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலையில் அது கரந்தை என்று தனித்திணையாகவே நிற்கிறது. கவர்ந்ததை உரியவர் கொணர்வதற்கு நம்மிடம் ஒரு திணையே இருக்க, புதுச்சொல் எதற்கு? ‘பெயர்த்தரவு’ என்று வையுங்கள்.

*

மாணவர்கள் அதைப் ‘பெயர்’ பற்றிய தரவு என்று படிப்பார்கள், ஐயா. வகுப்பில் நிற்பவள் நான். மேலும், மூதாதையர் ஆநிரை அல்லர். தே பாப்பாவில் அவர்களை உயிருள்ள விருந்தினரைப்போல் அழைத்து, அழுது வரவேற்கிறார்கள். வருபவர்கள் அவர்கள்; ஆகவே தன்வினை வேண்டும். மீட்டல் பிறவினை, மீளல் தன்வினை. ‘தாயக மீட்சி’ என்றால் தாயகத்தை மீட்பது என்று இரண்டாம் வேற்றுமையாக விரிந்து வேறு அரசியலுக்குப் போய்விடும். ‘நாடு மீண்டான்’ என்பதைப்போல் ‘தாயகம் மீளல்’.

*

நன்றி, அம்மா. மனித எச்சங்களுக்குத் ‘தாயகம் மீளல்’, கலைப்பொருள்களுக்கு ‘மீளளிப்பு’ என்று அனுப்புகிறேன்.

*

இந்தப் பிரிவினையை நான் ஏற்கவில்லை. ராப்பா நூயி (ஈஸ்டர்) தீவிலிருந்து 1868இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் எடுத்துச் சென்ற ஹோவா ஹகனனையா என்னும் கற்சிலை, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. தீவு மக்களுக்கு அது சிலையன்று, மூதாதையர். 2018இல் லண்டன் சென்று கேட்டபோதும் அப்படித்தான் கேட்டார்கள். கல் என்பதற்காக அவரை எந்தப் பட்டியலில் வைப்பீர்கள்? பெயர்த்தரவு இரண்டுக்கும் பொருந்தும். அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.