17 ஒன்றுகளால் ஆன எண்ணைக் கையாலேயே காரணிப்படுத்த வழி உண்டா?

வணக்கம். காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் ஞாயிறுதோறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மாணவி, தரையில் பதித்த ஓர் ஆத்தங்குடிக் கல்லுக்கு ஓர் இலக்கமாகச் சுண்ணக்கட்டியால் 17 ஒன்றுகளை எழுதி, இது பகா எண்ணா என்று கேட்டாள். 19 ஒன்றுகளும் 23 ஒன்றுகளும் கொண்ட எண்கள் பகா எண்களே என்பதால், அது நல்ல கேள்வி.

விடையைக் கணினி நிரல் தந்துவிட்டது: 2071723 × 5363222357. கையால் பெருக்கியும் சரிபார்த்தோம். அந்த விடையை நாமே அடையும் பாதைதான் பிடிபடவில்லை.

17 பகா எண் என்பதால், இதன் பகாக் காரணி ஒவ்வொன்றும் 34-ஆல் வகுத்தால் 1 மீதி தருவதாகவே இருக்க வேண்டும். அவ்வகையில் 103 தொடங்கி 20,000 வரை வகுத்துப் பார்த்ததில் ஒன்றும் அகப்படவில்லை. பகா எண்ணா என்று பார்க்க உதவும் ஃபெர்மா சோதனையை 10-ஐ அடிமானமாகக் கொண்டு செய்தபோது (அதாவது, 10-ஐ எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்த்தபோது) எண் தேறிவிட்டது. எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 17-இன் மடங்கு கிடைப்பதால் அது தேறியே தீரும், ஆகவே அச்சோதனை எதையும் காட்டாது என்பது இரண்டு நாள் கழித்தே எனக்குப் புரிந்தது. கைபேசியின் விரிதாள் செயலியோ 15 இலக்கங்களுக்கு மேல் ஏற்காமல் கடைசி இரண்டு ஒன்றுகளைச் சுழியாக்கிவிடுவதால், மீதிகள் எல்லாம் பிழையாகின்றன. காரணியைப் பொறுத்து 10 ஓர் இருபடி எச்சமாக (அதாவது, ஏதேனும் ஒரு வர்க்க எண்ணும் 10-உம் அக்காரணியால் வகுத்தால் ஒரே மீதி தருவதாக) இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தாலும், 2071723-ஐ எட்டுமுன் சோதிக்க வேண்டிய பகா எண்கள் ஆயிரக்கணக்கில் எஞ்சுகின்றன.

இத்தனை வகுத்தல்கள் இல்லாமல், இந்த எண் பகு எண் என்பதையாவது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாளிலும் பென்சிலிலும் நிறுவ ஏதேனும் முறை உண்டா?