இணைய அடிமைத்தனம் மூளை இணைப்பை மாற்றுகிறதா, தலை அசைந்ததைத்தான் அளந்தார்களா?

கயல்:
பையனுக்கு 15 வயது. ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள்ளிருந்து நீல வெளிச்சம் கசியும். போனைப் பிடுங்கினால் பத்து நிமிடம் கத்தல், அப்புறம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவான். கத்துவதுகூடப் பரவாயில்லை, அந்தச் சுவரைப் பார்ப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்று குடும்பக் குழுவில் ஒரு செய்தி வந்தது. இணைய அடிமைத்தனம் இளம்வயதினரின் மூளை இணைப்புகளை மாற்றுகிறது என்று 2024 ஜூனில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்திருக்கிறதாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த இருவர் எழுதியது, 10 முதல் 19 வயது வரை 237 பேர். படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. மாறியது மாறியதுதானா? திரும்ப வருமா?

மின்மினி:
கயல் அக்கா, அந்தக் கட்டுரையைப் படித்தேன். அவர்கள் புதிதாக ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. 2013 முதல் 2023 வரை வந்த 12 எஃப்.எம்.ஆர்.ஐ (மூளை இயங்குவதைக் காட்டும் காந்த ஸ்கேன்) ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

'இணைப்பு' என்றதும் வயர் அறுந்துபோனதாக நினைக்க வேண்டாம். மூளையின் இரண்டு பகுதிகளில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால், அவை சேர்ந்து வேலை செய்கின்றன என்று கணக்கு. 1995-இல் பரத் பிஸ்வால் என்ற ஆய்வாளர், சும்மா படுத்திருப்பவர்களின் மூளையிலும் இடது, வலது கையை இயக்கும் பகுதிகள் தாளம் தப்பாமல் இப்படி ஏறி இறங்குவதைக் காட்டினார். இந்தத் துறை கிளம்பியதே அங்கிருந்துதான்.

இந்தத் தொகுப்பில் கண்டது இதுதான்: 'போதும், மூடி வை' என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ள உதவும் கட்டுப்பாட்டு வலைப்பின்னலில், இணைப்பு மொத்தத்தில் குறைந்திருக்கிறது. அந்த வயதில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி இன்னும் முதிரவில்லை, இருபதுகளின் நடுவரை ஆகும். ஆடுகிற பல்லை மேலும் ஆட்டுவது மாதிரி. நான் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தராசு:
மின்மினி, பாதி சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டீர்களே. சும்மா இருக்கும்போது இயங்கும் வலைப்பின்னலைப் பற்றி அதே கட்டுரை என்ன சொல்கிறது? சில இடங்களில் கூடியிருக்கிறது, சில இடங்களில் குறைந்திருக்கிறது. கூடினாலும் அடிமை, குறைந்தாலும் அடிமை என்றால் அந்த அளவுகோலால் யாருக்கு என்ன லாபம்?

237-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள். ஆய்வுக்குச் சுமார் 20 பேர். 2022-இல் நேச்சர் அறிவியல் இதழில் மாரெக் என்ற ஆய்வாளரின் குழுவினர் கிட்டத்தட்ட 50,000 பேரின் ஸ்கேன்களை வைத்து ஒன்றைக் காட்டினார்கள்: மூளை அமைப்புக்கும் ஒருவரின் நடத்தைக்கும் உள்ள தொடர்பை நம்பகமாகப் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும். இருபது முப்பது பேரை வைத்தால் இன்று ஒரு விடை, நாளை வேறு விடை. நான் பிழைப்பதே புள்ளியியலில். இருபது பேரை வைத்து ஒரு சோப்பு விளம்பரம்கூட எழுத விடமாட்டேன்.

கயல் மேடம், இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

மின்மினி:
சோப்பு இருக்கட்டும். மாரெக் சொன்னது பொதுமக்களிடையே இருக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகளைப் பற்றி. நோய்க் குழுவையும் நலமானவர்களையும் ஒப்பிடும்போது வேறுபாடு பெரிதாக இருக்க வாய்ப்புண்டு, அதற்கு அத்தனை ஆயிரம் தேவைப்படாது.

பழக்கம் மூளையை மாற்றும் என்பதில் சந்தேகமே வேண்டாம். லண்டன் டாக்சி ஓட்டுநர்களை எலினார் மக்வயர் ஆராய்ந்தது 2000-இல். தெருக்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு ஹிப்போகாம்பஸின் (நினைவுக்கும் வழி அறியவும் உதவும் மூளைப் பகுதி) பின்பகுதி பெரிதாக இருந்தது. 2004-இல் டிராகன்ஸ்கி குழு, மூன்று மாதம் பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கப் பழகியவர்களின் மூளையில் சாம்பல்நிறப் பொருள் (நரம்பு செல்கள் நிறைந்த பகுதி) கூடியதைக் காட்டியது. மூன்று பந்து மூளையை மாற்றுமாம், தினம் எட்டு மணி நேரம் போன் மாற்றாதாம்!

தராசு:
நீங்களே எனக்கு வாதத்தை எடுத்துக் கொடுக்கிறீர்கள். டாக்சி விஷயத்தில் 2000-இல் வந்த ஆய்வை மட்டும் யாரும் நம்பி உட்காரவில்லை. பெரிய ஹிப்போகாம்பஸ் இருப்பவர்கள்தான் அந்த வேலைக்கு வருகிறார்களோ என்று கேட்டார்கள். அதனால் 2011-இல் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அதே ஆட்களை அளந்தார்கள். தேர்ச்சி பெற்றவர்களிடம் மட்டும் மாற்றம். அது ஆதாரம்.

இணைய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு முறை எடுத்த படம். கட்டுப்பாடு முன்பே தளர்ந்திருந்த பிள்ளை போனில் விழுந்ததா, போனில் விழுந்ததால் தளர்ந்ததா? ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. கண்ணாடி போட்டவர்களுக்கெல்லாம் பார்வை மங்கல், ஆகவே கண்ணாடிதான் கண்ணைக் கெடுத்தது என்கிற கதை.

பந்து போட்டவர்களைப் பற்றி இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். பழகுவதை நிறுத்தியதும் கூடியது குறைய ஆரம்பித்தது. கயல் மேடம் கேட்ட 'திரும்ப வருமா'வுக்கு அதுவும் ஒரு பதில்.

குறுக்குச்சால்:
ஒரு செத்த மீனுக்கு மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி எஃப்.எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். சால்மன் மீன். மூளையில் 'செயல்பாடு' தெரிந்தது. 2012-இல் அதற்கு இக்நோபல் பரிசும் (சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான கேலிப் பரிசு) கொடுத்தார்கள். மீனுக்கு என்ன அடிமைத்தனம் என்று யாராவது சொல்லுங்கள்.

மின்மினி:
மூளை பற்றிய எந்த விவாதத் திரியைத் திறந்தாலும் இந்த மீன் மிதக்கிறது. அவர்கள் காட்டியது, ஆயிரக்கணக்கான இடங்களை ஒரே நேரத்தில் சோதித்துவிட்டு அதற்கான திருத்தத்தைச் செய்யாவிட்டால் பொய் முடிவு வரும் என்பதை. கருவியே பொய் என்று அவர்கள் சொல்லவில்லை.

நிழல்:
இதுவரை சும்மா படித்துக்கொண்டிருந்தேன். நான் இப்படி ஓர் ஆய்வில் படுத்தவன் (இணைய ஆய்வு இல்லை, வேறு). அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

காதில் அடைப்பான், அதற்கு மேல் ஹெட்போன், தலையின் இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு. கண்ணுக்கு நேராக ஒரு கூட்டல் குறி. 'அதையே பாருங்கள், எதையும் யோசிக்க வேண்டாம், தூங்கவும் வேண்டாம்' என்றார்கள். எதையும் யோசிக்காதே என்று சொன்ன மாத்திரத்தில் மனிதனுக்கு எத்தனை யோசனை வரும்! நாலாவது நிமிடம் மூக்கின் நுனியில் அரிப்பு. கையைத் தூக்கக் கூடாது. நான் மூக்கைச் சுளித்தேன். எச்சில் விழுங்கினேன். ஒருமுறை கால் விரலை நெட்டி முறித்தேன், தலையும் கூடவே ஒரு துளி நகர்ந்திருக்கும்.

அந்த ஒரு துளிதான் விஷயம். 2012-இல் தனித்தனியாக மூன்று குழுக்கள் இதைக் கண்டுபிடித்தன. தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே, தூரத்துப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு குறைந்ததாகவும் பக்கத்துப் பகுதிகளுக்கு இடையில் கூடியதாகவும் தோன்றும். யார் அதிகம் அசைவார்கள்? சின்னப் பிள்ளைகள். அதிலும் கவனக்குறைவுக் கோளாறு உள்ளவர்கள். இணையத்தில் மூழ்கும் பிள்ளைகளில் அந்தக் கோளாறு உள்ளவர்கள் அதிகம். முடிச்சு எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

மின்மினி:
நிழல், நல்ல பதிவு. தலையசைவு பிரச்சினை உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் 2012-க்குப் பிறகு வந்தவர்கள் அசைவைக் கணக்கில் கழிக்கக் கற்றுக்கொண்டார்கள், அதிகம் அசைந்தவர்களின் படத்தைத் தூக்கியே போடுகிறார்கள். தொகுப்பில் உள்ள 12-உம் 2013-இலும் அதற்குப் பிறகும் வந்தவை. அத்தனையும் தலையாட்டல் என்று ஒரே வீச்சில் ஒதுக்கினால் அதுவும் சோம்பேறித்தனம்தான்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். 'மாற்றுகிறது' என்று தலைப்பு வைத்தது தப்பு. 'வேறாக இருக்கிறது' என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

தராசு:
அப்பாடா. இதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன்.

இன்னொன்று. 'இணைய அடிமைத்தனம்' என்றால் என்ன? 1995-இல் ஐவன் கோல்ட்பர்க் என்ற மனநல மருத்துவர் நோய்க் கையேடுகளைக் கிண்டல் செய்வதற்காக அந்தப் பெயரில் ஒரு பொய் நோயை எழுதிப் போட்டார். அடுத்த ஆண்டே கிம்பர்லி யங் அதை உண்மையான பிரச்சினையாக முன்வைத்தார், 20 கேள்விகள் கொண்ட சோதனையும் அவர் உருவாக்கியதுதான். இன்றைக்கும் உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை, வீடியோ விளையாட்டுக் கோளாறுதான் இருக்கிறது, அதுவும் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க மனநோய்க் கையேடு 2013-இல் இணைய விளையாட்டை 'மேலும் ஆராய வேண்டியவை' பகுதியில் வைத்தது. வீடியோ பார்ப்பவன், சூதாடுபவன், இரவெல்லாம் அரட்டை அடிப்பவன் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டு ஸ்கேன் எடுத்தால் என்ன வரும்?

இரவாடி:
நீங்கள் இரண்டு பேரும் பேசுகிற அந்தக் கூடையில் கிடந்தவன் நான். மூன்று வருடம், நாளுக்கு 12, 14 மணி நேரம். ஒரே விளையாட்டு. தரவரிசை இறங்கினால் சாப்பாடு இறங்காது. போன் பக்கத்தில் இல்லாதபோதும் கட்டைவிரல் தொடையில் தானாக நகரும், அதை அம்மாதான் முதலில் கவனித்தார்.

அந்த நாட்களில் இந்த மாதிரிச் செய்தி ஒன்று கைக்கு வந்தது. மூளையே மாறிவிடுமாம். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? மாறிவிட்டதென்றால் நான் என்ன செய்ய முடியும், விளையாடலாம். இன்னும் ஒரு வருடம் அப்படியே போனது. அதனால் கேட்கிறேன், மின்மினி அண்ணா, இந்த மூளைப் படத்தைக் காட்டி யாரையாவது இதிலிருந்து வெளியே கொண்டுவந்திருக்கிறீர்களா?

மின்மினி:
தம்பி, நியாயமான கேள்வி. என் அனுபவம் வேறு. 'சோம்பேறி, கெட்டுப்போனவன்' என்று திட்டிக்கொண்டிருந்த ஓர் அப்பா, இதில் உடலும் இருக்கிறது என்று புரிந்ததும் திட்டுவதை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். பெற்றோருக்கு அது உதவியது. பிள்ளைக்கு உதவியதா என்றால், அதற்கு வேறு மருந்து வேண்டியிருந்தது.

தராசு:
அந்த வேறு மருந்துக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இணையத்திலும் கணினி விளையாட்டிலும் மூழ்கிய 143 ஆண்களை வைத்து ஒரு சோதனை, 2019-இல் வெளியானது. பாதிப் பேருக்கு உடனே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை), மீதிப் பேர் காத்திருப்புப் பட்டியலில். சிகிச்சை பெற்றவர்களில் 69 சதவீதம் பேர் மீண்டார்கள், காத்திருந்தவர்களில் 24 சதவீதம். மீண்டார்களா என்று பார்த்தது கேள்வித்தாளை வைத்து, ஸ்கேனை வைத்து அல்ல.

குறுக்குச்சால்:
சும்மா காத்திருந்தே 24 சதவீதம் பேர் மீண்டார்களா? அதைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி போடவில்லையே.

கயல்:
எல்லோருக்கும் நன்றி. பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் நேற்று போனைப் பிடுங்கவில்லை. ராத்திரி போய் அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஏன் இந்த நேரத்துக்கு என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம், 'அவங்க எல்லாம் இப்பதாம்மா ஆன்லைன் வருவாங்க' என்றான். பள்ளியில் யாரும் தன்னோடு பேசுவதில்லை என்றும் சொன்னான். எனக்கு இது தெரியாது.

இரவாடி:
அக்கா, 'அவங்க' யார் என்று கேட்டீர்களா?

கயல்:
இன்னும் இல்லை. இன்று ராத்திரி கேட்கிறேன்.

மின்மினி:
தராசு, நீங்கள் சொன்ன அந்த 2011 டாக்சி ஆய்வு மாதிரி, பிள்ளைகளை ஒன்பது பத்து வயதிலேயே பிடித்து ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு ஒன்று அமெரிக்காவில் நடக்கிறது, 11,000-க்கும் மேல் பிள்ளைகள். அதற்குத் தனித் திரி திறக்கிறேன், அங்கே வாருங்கள்.

தராசு:
வருகிறேன். மீனைக் கூட்டிவர வேண்டாம்.