1859 பிரகடனத்தின் கடைசி வரி

பத்மநாபபுரத்தான்: மல்லி, மகளிர் தினம் வந்தாலே பெண்ணுரிமை பேச நியூசிலாந்து, ஐஸ்லாந்து என்று உங்கள் பதிவில் உலகத்தைச் சுற்றப் போய்விடுகிறீர்கள். மார்பை மறைக்கத் தடை இருந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்து நாடார் பெண்களுக்குத் திருவிதாங்கூர் மன்னர் 1859-லேயே மேலாடை உரிமை கொடுத்துவிட்டார். வெளிநாட்டுப் பெண்ணியம் இங்கே எதற்கு?

தோவாளை மல்லி: "கொடுத்துவிட்டார்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள், அண்ணாச்சி. ஜூலை 26 பிரகடனத்தின் கடைசி வரியைப் படித்தீர்களா? நாடார் பெண்கள் எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் கூடாது. இதுவா உரிமை?

பத்மநாபபுரத்தான்: மறைக்க அனுமதி கிடைத்ததா, இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தோவாளை மல்லி: கடைசி வரிக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். 1829-லும் இதே கதைதான். கிறிஸ்தவ நாடார் பெண்களுக்குக் குப்பாயம் என்ற சட்டை போதும், உயர்சாதிப் பெண்கள் போடும் தோள்சீலை கூடாது என்றார்கள். மேலே போட்ட சீலையை உயர்சாதியினர் சந்தையில் வைத்துக் கிழித்தபோதும், சீலை போடுவதை விடாதவர்கள் அந்தப் பெண்கள். உரிமை அவர்கள் எடுத்தது.

மார்த்தாண்டம் வாசகர்: மிஷனரிகளை மறந்துவிட்டீர்களே. மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்குப் பள்ளியும் லேஸ் பின்னலும் தொடங்காமல் இருந்தால் இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்திருக்கும்?

தோவாளை மல்லி: லேஸ் பின்னிய கூலியில் அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். ஊசி பிடித்த விரல் யாருடையது? கிறிஸ்தவக் குடும்பங்களில் மகளுக்கு மகனின் பங்கில் கால்பகுதி அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது மட்டுமே என்றது 1916 திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம். 1986-இல் மேரி ராய் வழக்கில் மகளுக்கும் சம பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை எத்தனை சபை அதை எதிர்த்தது?

மார்த்தாண்டம் வாசகர்: பேச்சை மாற்றுகிறீர்கள். எங்கள் சபையைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி?

தோவாளை மல்லி: தகுதியா? சீதனம் கொடுத்தாயிற்று என்று சொல்லி என் அக்காவிடம், சொத்தில் பங்கு வேண்டாம் என்ற விடுதலைப் பத்திரத்தை அண்ணன்மார் எழுதி வாங்கினார்கள். கட்டைவிரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அந்தக் கறை இன்னும் போகவில்லை. இது என் தகுதி.

பத்மநாபபுரத்தான்: சொந்தக் கதை வேண்டாம். இங்கே மறைக்கப் போராடினார்கள், ஈரானில் முக்காட்டை எறியப் போராடுகிறார்கள். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

தோவாளை மல்லி: துணியை முடிவு செய்வது யார் என்பதுதான் இரண்டு இடத்திலும் கேள்வி. முக்காடு சரியில்லை என்று ஈரானில் பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி 2022-இல் காவலில் இறந்தது அதற்காகத்தான். நீங்கள் மேலாக நினைக்கும் சுவிட்சர்லாந்தில்கூடப் பெண்கள் தேசிய வாக்குரிமைக்கு 1971 வரை காத்திருந்தார்கள். எந்த நாட்டு ஆணும் தானாகக் கொடுக்கவில்லை. கடைசி வரியைப் படியுங்கள்.

குளச்சல் அலை: நானும் அந்தப் பிரகடனத்தைப் படித்திருக்கிறேன். முரட்டுத் துணியை "முக்குவப் பெண்களைப்போல்" சுற்றிக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. தாழ்வுக்கு அளவுகோலாக, மீனவப் பெண்களான எங்கள் பாட்டிகளை வைத்தார்கள். தோள்சீலைப் போராட்டத்துக்கு விழா எடுக்கும் யாராவது அதைப் பேசியதுண்டா?

பத்மநாபபுரத்தான்: அது வேறு விஷயம். அனுமதி கிடைத்ததா, இல்லையா?

தோவாளை மல்லி: கடைசி வரி, அண்ணாச்சி.

மார்த்தாண்டம் வாசகர்: சபையைப் பழித்ததற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

குளச்சல் அலை: நான் கேட்டதற்கு இங்கே ஒருவரும் பதில் சொல்லவில்லை.