சர்க்கரை இறங்கியது, எல்டிஎல் ஏறிவிட்டது: பேலியோவைத் தொடரலாமா?

நாமக்கல் கணக்கர்

வணக்கம். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வயது 44. ஏழு மாதமாக மாவுச்சத்தைக் குறைத்துப் பேலியோ உணவில் இருக்கிறேன். போன வாரம் வந்த இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை.

ஏன் இதில் இறங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். நாக்பூர், இந்தூர் என்று போய்விட்டு வருவார். செருப்பு கடித்த புண் ஒன்று, சுண்டுவிரல் ஓரத்தில், மிளகு அளவுதான் இருந்தது. தமக்குச் சர்க்கரை இருப்பதே அவருக்குத் தெரியாது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இன்னொரு நடை போய்விட்டார். திரும்பி வரும்போது பாதம் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு இரண்டு வருடம்தான் இருந்தார். எனக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.4 என்று வந்த அன்று, முடிவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் குனிந்து பார்த்தது என் கால் விரல்களைத்தான்.

அரிசி, கோதுமை, கேழ்வரகு, சர்க்கரை, பழம், பருப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். காலையில் 30 கிராம் வெண்ணெய் போட்ட டீ, நெய்யில் வறுத்த பாதாம் ஐம்பது. மதியம் முட்டை நான்கு, தேங்காய் எண்ணெயில் செய்த பொரியல் ஒரு தட்டு. முட்டைக்கு எங்கள் ஊரில் குறைவில்லை. இரவு பனீர் 200 கிராம், ஞாயிறு மட்டும் நாட்டுக்கோழி.

முதல் இரண்டு வாரத்தில் நான்கு கிலோ குறைந்தது. அந்த இரண்டாவது வாரத்தில்தான் ஒரு நாள் மாலை நான்கு மணிக்குப் பேரேட்டில் இருந்த எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. சட்டை முழுக்க வியர்வை, கை நடுக்கம். பக்கத்து மேசைக்காரர் தம்முடைய கருவியில் சோதித்தபோது சர்க்கரை 58. சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிவிட்டுச் சோறு சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். மருத்துவர் அன்றே அதை நிறுத்தினார். இப்போது மெட்ஃபார்மின் 500 மட்டும், இரண்டு வேளை.

இனி எண்கள். எடை 86 கிலோவிலிருந்து 74. ஹெச்பிஏ1சி 8.4-இலிருந்து 6.1. இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 268-இலிருந்து 118. நல்ல கொலஸ்டிரால் என்கிற ஹெச்டிஎல் 36-இலிருந்து 44. இவற்றையெல்லாம் பார்த்து மகிழ்ந்துகொண்டே வந்தவன் கடைசி வரியில் நின்றுவிட்டேன். கெட்ட கொலஸ்டிரால் என்கிற எல்டிஎல் 124 இருந்தது, இப்போது 192.

மருத்துவர் கொலஸ்டிரால் மாத்திரை எழுதிக்கொடுத்து, "இந்த உணவை விட்டுவிடுங்கள்" என்கிறார். என்னை இதில் சேர்த்துவிட்ட நண்பர், "எல்டிஎல் ஏறுவது நல்லது, மாத்திரையைத் தொடாதே" என்கிறார். ஒருவர் பேச்சைக் கேட்டால் பழைய சர்க்கரை திரும்பிவிடும் என்று பயம். இன்னொருவர் பேச்சைக் கேட்டால் நெஞ்சைப் பற்றிப் பயம். இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதும் உண்டு.

கோவை ஜவுளிக்காரர்

நண்பரே, பயப்படாதீர்கள். மூன்று வருடமாக இதே உணவுதான். என் எல்டிஎல் 210. மாத்திரை எதுவும் இல்லை. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன், மூச்சு வாங்குவதில்லை. டிரைகிளிசரைடு குறைந்து ஹெச்டிஎல் ஏறியிருந்தால் இதயம் நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள். இந்த உணவு என்னை இன்சுலின் ஊசியிலிருந்து மீட்டது. மருத்துவர் சொன்னதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி

தம்பி, 31 வருடம் செவிலியராக இருந்தேன். அதில் 11 வருடம் இதயப் பிரிவில். நான் மருத்துவர் இல்லை. உங்கள் மருத்துவரிடம் என்ன பேசலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

உங்கள் 6.1 உண்மையான ஆதாயம். அதை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஹெச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி, ஒரு நாள் பட்டினி கிடந்து இறக்கிவிட முடியாது. ஆனால் முதலில் இறங்கிய நான்கு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்தான். மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கும், அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் சேர்ந்திருக்கும். சோற்றை நிறுத்தினால் அந்தச் சேமிப்பு கரைந்து தண்ணீரும் வெளியேறும். இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியே அனுப்பும். கெண்டைக்கால் பிடிப்பு பலருக்கு அதனால்தான் வருகிறது. இரத்த அழுத்தம் இல்லையென்றால் மோரில் உப்புப் போட்டுக் குடிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இப்போது எல்டிஎல். கோவைத் தம்பி சொல்வது அவருடைய அனுபவம். ஆனால் என் பிரிவுக்கு ஸ்டிரெச்சரில் வந்தவர்களில் எத்தனையோ பேர் முதல் நாள் வரை மூச்சு வாங்காமல் நடந்தவர்கள்தான். குழாயில் கொழுப்பு படிவது வலிக்காது. பிறவியிலேயே எல்டிஎல்லை இரத்தத்திலிருந்து எடுக்க முடியாத குழந்தைகள் இருக்கிறார்கள். சர்க்கரை இருக்காது, புகைப்பழக்கம் இருக்காது, எடை இருக்காது. ஆனாலும் தாய், தந்தை இரு பக்கமிருந்தும் அந்தக் குறையைப் பெற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி வயதிலேயே மாரடைப்பு வருவதுண்டு. இந்த நோயை ஆராய்ந்து, கல்லீரலில் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பியைக் கண்டறிந்ததற்காகத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எல்டிஎல் மட்டுமே தனியாக நின்று கெடுதல் செய்யும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் நிறைய உள்ள நிறைகொழுப்பு அதிகமானால் அந்த ஏற்பிகள் மந்தமாகிவிடும். நீங்கள் கணக்கர், அதனால் ஒரு கணக்குப் போடுவோம். 30 கிராம் வெண்ணெயில் நிறைகொழுப்பு சுமார் 15 கிராம். பாதாம் வறுக்கும் நெய் இரண்டு மேசைக்கரண்டி என்றால் 17. பொரியலுக்குத் தேங்காய் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, அதில் 23. பனீர் 200 கிராமில் 25 வரை வரும். கூட்டிப் பாருங்கள், 80 ஆகிறது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஏறக்குறைய 22 கிராம்தான். உங்கள் எல்டிஎல்லை ஏற்றியது சோறு இல்லாத தட்டு அன்று, அந்தத் தட்டில் நிரப்பிய கொழுப்பு. சோற்றைக் குறைத்துச் சாப்பிட வெண்ணெய் டீ தேவையே இல்லை!

வெண்ணெய் டீயை நிறுத்துங்கள். பாதாமை ஊறவைத்தோ வெறும் வாணலியில் வறுத்தோ சாப்பிடுங்கள். பொரியலுக்குக் கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய், அளவாக. வாரத்தில் மூன்று இரவு பனீருக்குப் பதில் மத்தி, அயிலை என்று மீன் வையுங்கள். கீரை, அவரை, கொத்தவரை, வெண்டை எல்லாம் இரண்டு பங்கு. இப்படி ஆறிலிருந்து எட்டு வாரம் இருந்து மறுபடி சோதிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கும் அவர் மாத்திரை வேண்டும் என்றால் மறுக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு 40 வயதுக்கு மேல் ஸ்டாடின் என்ற கொலஸ்டிரால் மாத்திரை கொடுப்பது பொதுவான மருத்துவ வழிகாட்டுதல். நீங்கள் பேலியோவில் இல்லாவிட்டாலும் அவர் அதை எழுதியிருப்பார்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவைக் குறைக்கக் கேட்காமல் சோற்றை நிறுத்தக் கூடாது. "ஃப்ளோசின்" என்று முடியும் பெயருள்ள மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை எடுப்பவர்களுக்கு இந்த உணவு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அவர்கள் மருத்துவர் சொல்லாமல் மாவுச்சத்தில் கைவைக்க வேண்டாம்.

கும்பகோணத்துச் சைவக்காரி

நான் முட்டைகூடச் சாப்பிடாதவள். இந்த உணவில் ஐந்து மாதம் இருந்தேன். எடை ஒன்பது கிலோ குறைந்தது. மூன்றாவது மாதம் தலை வாரினால் சீப்பு நிறைய முடி. எடை வேகமாகக் குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டும், பிறகு வளர்ந்துவிடும் என்று தோல் மருத்துவர் சொன்னார். வளர்ந்தும்விட்டது. ஆனால் பனீரையும் பாதாமையும் பார்த்தாலே வெறுப்பு வந்து ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டேன். நான்கு மாதத்தில் ஐந்து கிலோ திரும்பியது.

இப்போது மதியம் ஒரு சின்னக் கிண்ணம் சோறு உண்டு. முதலில் காய், பிறகு சுண்டலோ பாசிப்பயறோ, கடைசியில்தான் சோறு. அதே சோற்றை முதலில் சாப்பிட்ட நாளில் இரண்டு மணி நேரம் கழித்து 190 காட்டிய கருவி, கடைசியில் சாப்பிட்டால் 150-ஐ ஒட்டி நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சர்க்கரை நோய் ஆய்வான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வுக்குழு 2022-இல் வெளியிட்ட கட்டுரை எனக்குத் தெம்பு தந்தது. நம் நாட்டில் சாப்பாட்டின் கலோரியில் 60 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. புதிதாகச் சர்க்கரை கண்டவர்கள் அதை 49 முதல் 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, புரதத்தை 20 சதவீதம் அளவுக்கு உயர்த்தினால் நோய் தணிய வாய்ப்பு இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. சோற்றை அடியோடு விடச் சொல்லவில்லை. ஐயாவுக்கு 8.4 இருந்ததால் இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும். ஆனால் பத்து வருடம் கடைப்பிடிக்க முடிவது எது என்று பாருங்கள்.

கோவை ஜவுளிக்காரர்

திருச்சி அம்மா சொன்ன கணக்கை என் சாப்பாட்டுக்கும் போட்டுப் பார்த்தேன். 95 வருகிறது. அடுத்த வாரம் இதய மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன்.

நாமக்கல் கணக்கர்

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது வாரம் கழித்து எழுதுகிறேன். திருச்சி அம்மா சொன்னபடியே செய்தேன். மருத்துவரிடம் 80 கிராம் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "எட்டு வாரம் பார்ப்போம்" என்றார். எல்டிஎல் 192-இலிருந்து 138. எடை 75. காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை 104. இரவில் கால் இழுப்பது நின்றுவிட்டது. அப்பாவின் கதையையும் கேட்டபிறகு, 138 போதாது என்று குறைந்த அளவில் ஸ்டாடின் தொடங்கியிருக்கிறார். சம்மதித்துவிட்டேன். மதியம் அரைக் கிண்ணம் சோறும் சேர்ந்துவிட்டது.

திருச்சி அம்மாவிடம் இன்னொரு கேள்வி. என் தாயாருக்கு வயது 68, அவருக்கும் சர்க்கரை. நான் இளைத்ததைப் பார்த்துவிட்டு ஆறு நாளாகச் சோறும் களியும் தொடாமல் முட்டையும் மோருமாக இருக்கிறார். எனக்கு நேற்றுதான் தெரியும். இரண்டு நாளாகக் குமட்டல், நாக்கு வறட்சி, அசதி. சர்க்கரை 164 தான் இருக்கிறது, அதனால் பயமில்லை என்று நினைத்தேன். இப்போது உங்கள் பதிலை மறுபடி படித்துவிட்டு அவருடைய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். டாபாகிளிஃப்ளோசின் 10 என்று இருக்கிறது.

ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி

தம்பி, விடியும் வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். "டாபாகிளிஃப்ளோசின் எடுக்கிறார், ஆறு நாளாகச் சோறு இல்லை, குமட்டல்" என்று வாசலிலேயே சொல்லுங்கள். இரத்தத்தில் கீட்டோன், அதாவது உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலம், எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றிவிடுவதால் கருவியில் 164 காட்டும்போதே இரத்தம் அமிலமாகியிருக்கலாம். சர்க்கரை குறைவாகத்தான் இருக்கிறது என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால் போகாதீர்கள்.

நாமக்கல் கணக்கர்

அம்மா, மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். கீட்டோன் மிக அதிகமாக இருந்தது. குளுக்கோஸ் பாட்டிலையும் இன்சுலினையும் ஒன்றாக ஏற்றினார்கள். இரண்டு இரவு வைத்திருந்து இன்று காலை அனுப்பிவிட்டார்கள். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். தாயார் இப்போது இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.