வண்டிக்கு அடியில் கறை: கசிவைத் தேடிப் பிடித்தவர்கள் எழுதுங்கள்

ஆயில் கசிகிறது என்று போனால் நம் ஊர்ப் பட்டறைகளில் முதல் வார்த்தையே "கிராங்க் சீல் போயிருக்கு சார், கியர்பாக்ஸை இறக்கணும்" என்பதுதான். ஈரோட்டில் எனக்கும் அதையே சொன்னார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்தான் அந்த சீல், விலை சில நூறு ரூபாய். ஆனால் அதைத் தொட கியர்பாக்ஸ் இறங்கியாக வேண்டும். இறக்குவதே இறக்குகிறோம், கிளட்ச்சையும் மாற்றிவிடலாம் என்பார்கள். பில் எங்கேயோ போய் நிற்கும். வண்டியோ ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் கார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வந்து நானே தேட ஆரம்பித்தேன்.

முதலில், சொட்டுவது என்ன என்று தெரிய வேண்டும். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை விரித்து ராத்திரி எஞ்சினுக்கு அடியில் போட்டு, முன் டயர் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவைத்தேன். காலையில் கியர்பாக்ஸும் எஞ்சினும் சேருகிற இடத்துக்கு நேர் கீழே கருப்புப் பொட்டுகள். விரலில் தேய்த்தால் மை போல ஒட்டியது, வாடை பெரிதாக இல்லை. கியர் ஆயிலாக இருந்தால் கந்தக நாற்றம் குடலைப் பிரட்டும், நிறமும் இவ்வளவு கருப்பாக இருக்காது. ஆக எஞ்சின் ஆயில். கூலன்ட் என்றால் பச்சையோ பிங்கோ ஒரு சாயம் இருக்கும், பிசுபிசுக்கும், இனிப்பு வாடை வரும். ஏசி போட்டு ஓட்டிய பிறகு கிளீனர் சைடில் தெளிந்த தண்ணீர் சொட்டினால் போய்த் தூங்கலாம். டயர் ஓரம் மட்டும் ஈரமாக இருந்தால் தெரு நாயையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கழற்றிய பிறகுதான் அட்டைப் பரீட்சை பாதிதான் உண்மை என்று தெரிந்தது. ஷீட்டுக்குள்ளே ஆயில் தேங்கி, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடிப்போய்ச் சொட்டியிருக்கிறது. போதாததற்கு ஓடும்போது அடிக்கிற காற்று எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடும். ஈரமாக இருக்கும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கிறதோ அங்கேதான் தேட வேண்டும். ஆல்டர்னேட்டருக்குப் பாலிதீன் பையைக் கட்டிவிட்டு, டீசலும் பிரஷ்ஷும் வைத்து எஞ்சினைத் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிட்டேன். அப்புறம் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை எடுத்து எஞ்சினின் பின்பக்கம் முழுக்கத் தூவினேன். வீட்டில் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பெருந்துறை வரை ஓட்டிவிட்டு வந்து, செல்போனில் டார்ச்சைப் போட்டு வீடியோ எடுத்தபடியே கையைப் பின்னால் விட்டேன். கண் போகாத இடத்துக்கு அது போகும். கீழே கிராங்க் பக்கம் பவுடர் வெள்ளையாக அப்படியே இருந்தது. எஞ்சின் தலையை மூடும் டேப்பெட் கவரின் பின் மூலையிலிருந்து மட்டும் ஒரு கருங்கோடு, பிளாக்கை ஒட்டி வளைந்து வளைந்து இறங்கி கியர்பாக்ஸ் தலையில் போய் முடிந்தது. கவரைத் திறந்தால், அதன் ஓரத்தில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் ரப்பராகவே இல்லை. வளைத்ததும் முறிந்தது. புதிது போட்டோம்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். சில வாரம் கழித்து அதே மூலை மறுபடி ஈரம்! இந்த முறை வேறொரு பெரியவர் பார்த்தார். எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே வைத்தார். காற்று கையைத் தள்ளியது. "பேக் கம்ப்ரஷன் அடிக்குது"என்றார். வழக்கமாக இதற்கு அடுத்த வசனம் "எஞ்சின் வேலை செய்யணும்" என்பது. அவர் அதைச் சொல்லவில்லை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எல்லா எஞ்சினிலும் கொஞ்சம் வாயு கீழே ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கத்தான் செய்யும், அதை வெளியே இழுக்கத்தான் பிரீதர் பைப், முதலில் அதைப் பார்ப்போம் என்று கழற்றினார். உள்ளே வண்டல் மாதிரி அடைத்துக்கிடந்தது. வெளியேற வழியில்லாத அழுத்தம் எந்த சீல் இளகிக் கொடுக்கிறதோ அது வழியாக ஆயிலைத் தள்ளியிருக்கிறது. பைப்பை மாற்றி, பிரீதர் வால்வைக் கழுவிப் போட்டதும் மூடியில் அடித்த காற்றும் தணிந்தது, கசிவும் நின்றது. கியர்பாக்ஸ் இன்றுவரை இறங்கவில்லை.

ஒன்று மட்டும். கேஸ்கெட் போடும்போது சிலிகான் சீலன்ட்டை அப்பினால் கெட்டி என்று நினைக்கிறார்கள். உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து விழுந்து ஆயில் பம்ப்பின் வலையில் போய் அடைத்தால் எஞ்சினே காலி. விட மாட்டேன் என்று நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

*

அண்ணே, எனக்கு கூலன்ட். வண்டி மேட்டுப்பாளையத்தில் நின்றால் ஒரு சொட்டு கிடையாது. குன்னூரில் மாமியார் வீட்டில் ராத்திரி நின்றால் காலையில் பிங்க் பொட்டு. டப்பாவில் லெவல் இறங்கிக்கொண்டே வந்தது. எஞ்சின் சூடாக இருக்கும்போது வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தவர்கள் எல்லாம் "காய்ஞ்சு கிடக்கே" என்றார்கள். கடைசியில் ஒரு மெக்கானிக், வண்டியை ராத்திரி அங்கேயே விடச் சொல்லி, விடிந்ததும் ஸ்டார்ட் பண்ணாமலே ரேடியேட்டர் மூடிக்குப் பதில் பிரஷர் டெஸ்டரை மாட்டிக் கையால் பம்ப் அடித்தார். ஒரு பார் ஏறியதும் மேல் ஹோஸ் முனையில் முத்து முத்தாகக் கோர்த்தது. ஸ்பிரிங் கிளிப் தளர்ந்திருக்கிறது. சூட்டில் எல்லாம் விரிந்து இறுகிக்கொள்ளும், குளிரில் சுருங்கி வழிவிடும். கிளிப் மாற்றியதோடு சரி. வீட்டில் நாய், பூனை இருப்பவர்கள் அந்தப் பொட்டை உடனே கழுவிவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் நக்கும். எத்திலீன் கிளைகால், கிட்னியைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

*

நீலத் தண்ணீர். கிளாஸ் கழுவும் பைப்பை எலி கடித்திருந்தது. வேறொன்றும் இல்லை.

*

டயர் ஓரம் ஈரம் என்றால் நாய் என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள் அண்ணா. எனக்குப் பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. மங்கலான மஞ்சள், தொட்டால் வழுவழுப்பு, ஆனால் தண்ணீர் ஊற்றியதும் கரைந்து போனது. ஆயில் அப்படிக் கரையாது. பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இல்லையே. பானெட்டைத் திறந்து டப்பாவைப் பார்த்தால் லெவல் மினிமம் கோட்டுக்குக் கீழே. பிரேக் டிரம்மைக் கழற்றினால் வீல் சிலிண்டர் ரப்பருக்குள்ளிருந்து வடிந்து பிரேக் லைனர் முழுக்க நனைந்திருந்தது. மெதுவாக ஓட்டி வாருங்கள் என்று பட்டறையில் சொன்னார்கள். நான் டோ வண்டியைக் கூப்பிட்டேன். சிலிண்டரோடு லைனரையும் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டியிருந்தது, நனைந்த லைனரைத் துடைத்துப் போட்டால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும்.

*

டோ வண்டியைக் கூப்பிட்டதுதான் சரி தம்பி. என் நாய் ஜோக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். குன்னூர் நண்பருக்கு: லெவல் இன்னும் இறங்கினால் வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே சுண்ணாம்புக் கோடு மாதிரி காய்ந்திருந்தால் பம்ப்பின் உள் சீல் போய்விட்டது. எம்சீல் வைத்து அந்த ஓட்டையை அடைக்கிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.